பத்தாயிரம் தோல்விகளும் ஒரு வாரன்டியும்

பள்ளிக்கூட ஆண்டு விழா, கல்லூரிப் பட்டமளிப்பு, தன்னம்பிக்கைப் பயிலரங்கம்... எங்கே போனாலும் இந்தக் கதையிடமிருந்து தப்பிக்க முடியாது. எடிசன் பல்பு கண்டுபிடிக்கப் பத்தாயிரம் தடவை முயற்சி செய்தாராம். இத்தனை தடவை தோற்றுவிட்டீர்களே என்று ஒருவர் பரிதாபப்பட்டாராம். எங்கே தோற்றேன், வேலைக்கு ஆகாத பத்தாயிரம் வழிகளை அல்லவா தெரிந்துகொண்டேன் என்று இவர் சிரித்தாராம். உடனே அரங்கத்தில் கைதட்டல்!

கதை கிட்டத்தட்ட நிஜம்தான். ஒரே ஒரு சின்னத் திருத்தம். அது பல்பு இல்லை, பேட்டரி. அதுவும் எலெக்ட்ரிக் காருக்கான பேட்டரி!

கேள்வி கேட்டவர் வால்டர் மேலரி. எடிசனின் நண்பர், தொழிலில் கூட்டாளி. மாதக்கணக்கில் ராப்பகலாக நடந்த பரிசோதனை ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது, உருப்படியாக ஒரு பலனும் இல்லையே என்று அவர் வருத்தப்பட்டபோதுதான் எடிசன் அந்தப் பிரபலமான பதிலைச் சொன்னார்.

மேடைப் பேச்சாளர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். எடிசன் அந்த பேட்டரியைச் செய்து முடித்தார், காசுக்கு விற்றார். வாங்கியவர்களின் கார்களில் அது ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டது!

ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு பொருள் ஒன்பதாயிரம் தடவை தோற்றால் அதற்குப் பெயர் விடாமுயற்சி. காசு கொடுத்து வாங்கியவரின் வீட்டு வாசலில் ஒரே ஒரு தடவை தோற்றால் அதற்கு என்ன பெயர்? அந்த நஷ்டத்தை யார் சுமப்பது? எலெக்ட்ரிக் கார் பிறந்த நாளிலிருந்து கூடவே வருகிற கேள்வி இது. இன்றைக்கு ஷோரூமில் 'எட்டு வருட வாரன்டி சார்' என்று சிரித்தபடி ஒரு காகிதத்தை நீட்டுகிறார்களே, அதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான சண்டை இருக்கிறது.

1900-ம் வருடத்துக்குப் போவோம்.

அந்த வருடம் அமெரிக்காவில் தயாரான கார்கள் மொத்தமே 4,192. அதில் நீராவியில் ஓடியவை 1,681. மின்சாரத்தில் ஓடியவை 1,575. பெட்ரோல் கார்? வெறும் 936! ஆமாம், கடைசி இடம். பெட்ரோல் கார் புகை கக்கும், நாறும், உதறும். கிளப்ப வேண்டுமென்றால் முன்னால் நின்று கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். எசகுபிசகாகத் திருப்பி அடித்தால் மணிக்கட்டு காலி. எலெக்ட்ரிக் கார் அப்படியா? ஏறி உட்கார்ந்து நெம்புகோலைத் தள்ளினால் சத்தமில்லாமல் நழுவும்.

எல்லாம் சரி, பேட்டரி மட்டும்தான் வில்லன்!

அப்போது இருந்தது ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட பேட்டரி. நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதன் கொள்ளுத்தாத்தா. எடை எக்கச்சக்கம். நியூயார்க்கில் 1897-ல் எலெக்ட்ரிக் டாக்சிகள் ஓட ஆரம்பித்தன. ஒவ்வொன்றிலும் அரை டன்னுக்கும் மேல் பேட்டரி. வண்டி திரும்பி வந்ததும் தீர்ந்த பேட்டரியை அப்படியே வெளியே இழுத்துவிட்டு, சார்ஜ் ஏற்றிய வேறொன்றை உள்ளே தள்ளுவார்கள். பிரமாதமான ஏற்பாடு. ஆனால், அந்தக் காலத்துச் சாலையின் குலுக்கலில் ஈயத் தகட்டின் மேல்பூச்சு உதிர்ந்து உதிர்ந்து பேட்டரியின் ஆயுள் குறைந்துகொண்டே போனது. பராமரிப்புச் செலவு கம்பெனியைத் தின்றது. 1907-ல் அந்த டாக்சிக் கம்பெனி திவால்!

ஈயமும் அமிலமும் வேண்டவே வேண்டாம் என்று 1899-லேயே முடிவுகட்டியவர் எடிசன். அப்போது அவருக்கு வயது 52. பல்பு, கிராமபோன், சினிமா என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. அமிலத்துக்குப் பதிலாகக் காரம், ஈயத்துக்குப் பதிலாக வேறு உலோகம் என்று தேட ஆரம்பித்தார். ஒன்பதாயிரம் சோதனைகளும் இந்தத் தேடலில்தான். கடைசியில் ஒரு பக்கம் நிக்கல், மறுபக்கம் இரும்பு, நடுவே பொட்டாஷ் கரைசல் என்று ஒரு ஜோடி சிக்கியது. (இதே சமயத்தில் ஸ்வீடனில் வால்டெமார் யுங்னர் என்பவரும் இதே பாதையில் நடந்துகொண்டிருந்தார். காப்புரிமைச் சண்டையும் நடந்தது. அது தனிக் கதை.)

1901-ல் பேட்டரிக்கென்றே தனிக் கம்பெனி. 1903-ல் 'ஈ' என்று பெயரிட்ட பேட்டரி விற்பனைக்கு வந்தது. சோதனை செய்யாமல் விற்றார் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. மோசமான சாலையாகப் பார்த்து ஆயிரக்கணக்கான மைல்கள் கார்களை ஓட்டிப் பார்த்தார்கள். ஆராய்ச்சிக்கூடத்தின் மாடி ஜன்னலிலிருந்து பேட்டரியைத் தூக்கிக் கீழே எறிந்தார்கள். தாங்கியது! மனுஷருக்கு ஏக குஷி. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, கார்களின் கவலை தீர்ந்தது என்கிற ரீதியில் பெருமையாகப் பேசினார். எடிசனே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன? ஆர்டர்கள் குவிந்தன.

கொஞ்ச நாள்தான்.

முதலில் ஒழுகல். பேட்டரி டப்பாவின் பற்றவைத்த ஓரங்கள் வழியாகக் கரைசல் கசிந்தது. அதையாவது கண்ணால் பார்க்கலாம். இரண்டாவது கோளாறு கண்ணுக்கே தெரியாதது. நிக்கல் கலவை மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்பதால் அதனுடன் கிராஃபைட் தூளைச் சேர்த்திருந்தார் எடிசன். சார்ஜ் ஏறும்போது நிக்கல் கலவை உப்பும், இறங்கும்போது சுருங்கும். இப்படி உப்பி உப்பிச் சுருங்கியதில் கிராஃபைட்டுக்கும் நிக்கலுக்கும் நடுவே ஒட்டு விட்டுப்போனது. கிராஃபைட்டும் நாளடைவில் கெட்டது. ஒரு பேட்டரி நன்றாக இருக்கும், அதே நாளில் செய்த பக்கத்து பேட்டரி சொங்கியாகிவிடும். நேற்று போன தூரத்துக்கு இன்று கார் போகாது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

ஜன்னலிலிருந்து எறிந்தால் உடையாத பேட்டரி, தினமும் சார்ஜ் ஏற்றி இறக்கினால் செத்துப்போகிறது! மாடியிலிருந்து விழுவது ஒரு நொடிச் சமாசாரம். தேய்வது மாதக்கணக்கில் நடப்பது. அந்த மாதங்களை ஆராய்ச்சிக்கூடத்தில் கழிக்காமல் வாடிக்கையாளரின் தலையில் கட்டிவிட்டார் எடிசன்.

இந்த இடத்தில் அவர் செய்த காரியத்துக்காகத்தான் மேடைகளில் கைதட்ட வேண்டும். ஓடுகிற பேட்டரிகளும் நிறைய இருந்தன. குறை இருந்தாலும் பரவாயில்லை, கொடுங்கள் என்று கேட்டு வந்தவர்களும் இருந்தார்கள். ஓட்டத் தெரியவில்லை, சார்ஜ் போடத் தெரியவில்லை என்று பழியை வாங்கியவர் மேலேயே போட்டுவிட்டுக் கல்லாவைக் கவனித்திருக்கலாம். எடிசன் விற்பனையை நிறுத்தினார். பழுதானவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தொழிற்சாலையை மூடிவிட்டு, 'சரியாக வரும்வரை ஒன்றுகூட விற்க மாட்டேன்' என்கிற பிடிவாதத்துடன் மறுபடி ஆராய்ச்சிக்கூடத்துக்குள் போய்விட்டார்.

எத்தனை நாள்? கிட்டத்தட்ட ஐந்து வருடம்!

கிராஃபைட்டைத் தூக்கி எறிந்தார். அதற்குப் பதில் நிக்கலையே மெல்லிய சருகுபோலச் செய்ய முடியுமா என்று பார்த்தார். செம்பின் மேல் நிக்கல், நிக்கலின் மேல் செம்பு என்று மாற்றி மாற்றி நூற்றுக்கும் மேற்பட்ட முலாம் பூசி, பிறகு செம்பை மட்டும் கரைத்து எடுத்தால் காற்றில் பறக்கிற மாதிரி நிக்கல் சருகு கிடைத்தது. அதை நிக்கல் கலவையுடன் அடுக்கடுக்காகத் திணித்து இரும்புக் குழாய்களில் அடைத்தார். குழாய் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் உப்பினாலும் ஒட்டு விடாது. கரைசலில் ஒரு சிட்டிகை புதுச் சரக்கு ஒன்றையும் கலந்து பார்த்தார். பேட்டரியின் திறன் ஜிவ்வென்று ஏறியது. அந்தச் சரக்கின் பெயர் லித்தியம்! இன்றைக்கு உங்கள் செல்போனுக்குள் இருக்கிறதே, அதே லித்தியம்.

1909-ல் 'ஏ' என்ற புது பேட்டரி வந்தது. பத்து லட்சம் டாலருக்கும் மேல் செலவு. ஆனால், இந்தத் தடவை நிஜமாகவே எமகாதக பேட்டரி. பல பேட்டரிகள் இருபது, முப்பது வருடங்கள் உழைத்தன. ரயில்வே சிக்னல்களில், சுரங்கங்களில், தொழிற்சாலைகளில் எடிசன் பேட்டரி கோலோச்சியது. அவர் 1931-ல் இறந்த பிறகும் பல பத்தாண்டுகள், 1970-கள்வரை தயாரிப்பு தொடர்ந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் என்ன ஆயிற்று? அதுதான் சோகம். அந்த ஐந்து வருட இடைவெளியில் ரயில் போய்விட்டது. 1908-ல் ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' வந்துவிட்டது. 1912-ல் கேடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி சுற்றும் தொல்லை ஒழிந்தது. பெட்ரோல் காரைக் கிளப்பிவிட்டது எது தெரியுமா? ஒரு சின்ன பேட்டரி. அதுவும் எடிசன் வெறுத்த அதே ஈய பேட்டரி! 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' காரில் எடிசன் பேட்டரி வேண்டுமென்றால் கூடுதலாக 600 டாலர் எடுத்து வைக்க வேண்டும். 1916-ல் ஒரு முழு 'மாடல் டி' காரே 360 டாலர்தான். யார் வாங்குவார்கள்?

ஆனால், அதே காலத்தில் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு மின்சாரக் கம்பெனி இந்தச் சிக்கலுக்கு வேறொரு விடை கண்டுபிடித்தது. எலெக்ட்ரிக் லாரியை பேட்டரி இல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி எங்களுடையது. மாதம் இவ்வளவு, ஓடுகிற மைலுக்கு இவ்வளவு என்று கட்டிவிடுங்கள், போதும். பேட்டரி தேய்ந்தால் அது எங்கள் தலைவலி! 1924 வரை இந்த ஏற்பாட்டில் லாரிகள் 60 லட்சம் மைலுக்கும் மேல் ஓடின. தேய்மானத்தைச் சுமக்கிற சக்தி யாருக்கு இருக்கிறதோ, அவர் தலையில் அதை வைத்ததுதான் சூட்சுமம்.

பிறகு எலெக்ட்ரிக் கார் ஏறக்குறைய மறக்கப்பட்டது. அவ்வப்போது தலையைக் காட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. தூக்கம் கலைந்து பெரிய அளவில் எழுந்தது 2010 டிசம்பரில்.

அந்த மாதம் நிஸான் கம்பெனியின் 'லீஃப்' அமெரிக்கச் சாலைக்கு வந்தது. இப்போது லித்தியம் பேட்டரி. எடிசன் தூக்கி எறிந்த கிராஃபைட்டும் மறுபடி உள்ளே வந்துவிட்டது, வேறு வேலைக்காக! வாரன்டி 8 வருடம் அல்லது ஒரு லட்சம் மைல். அதைவிட வேறென்ன வேண்டும் என்று நம்பி வாங்கினார்கள். அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரத்திலும் வாங்கினார்கள். பாலைவன ஊர். கோடையில் 43 டிகிரி செல்சியஸ் எல்லாம் அங்கே சாதாரணம். நம் வேலூர்க்காரர்களுக்குப் புரியும்.

லீஃப் காரின் டாஷ்போர்டில் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்ட 12 சின்னக் கோடுகள். 2012 கோடையில் ஃபீனிக்ஸில் அந்தக் கோடுகள் அணைய ஆரம்பித்தன. முதல் கோடு போனால் பேட்டரியின் கொள்ளளவில் 15 சதவிகிதம் போச்சு என்று அர்த்தம். பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் 6 சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேல். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சிலருக்கு இரண்டு, மூன்று கோடுகள் காணோம்! காரணம் சூடு. பேட்டரிக்குள் இருக்கும் திரவம் கிராஃபைட்டுடன் மெல்ல வினை புரிந்து அதன்மேல் ஒரு படலம் கட்டும். அந்தப் படலம் லித்தியத்தை நிரந்தரமாகச் சிறைபிடித்துக்கொள்ளும். சூடு ஏற ஏற இது வேகமாக நடக்கும். லீஃபின் பேட்டரிக்கோ குளிர்விக்கும் ஏற்பாடே கிடையாது.

வாரன்டி காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கேதான் ஆப்பு! பேட்டரியில் தயாரிப்புக் குறை இருந்தால் மாற்றித் தருவோம். ஆனால், நாளாவட்டத்தில் கொள்ளளவு குறைவது இயல்பானது, அதற்கு இந்த வாரன்டி செல்லாது என்று அதிலேயே போட்டிருந்தது. கம்பெனி ஏழு கார்களை அரிசோனாவில் உள்ள தன் சோதனை மையத்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தது. பழுது எதுவும் இல்லை, எல்லாம் எதிர்பார்த்தபடிதான் என்று பதில் வந்தது. டாஷ்போர்டு மீட்டர்தான் சரியாகக் காட்டவில்லை என்றும் ஒரு விளக்கம்.

மீட்டர் பொய் சொல்கிறதா? பார்த்துவிடலாம்! 2012 செப்டம்பரில் ஓர் இரவு. ஃபீனிக்ஸ் உரிமையாளர்கள் பன்னிரண்டு லீஃப் கார்களைத் திரட்டினார்கள். எல்லாவற்றையும் முழுசாக சார்ஜ் செய்து, ஒரே சாலையில், ஒரே வேகத்தில், சார்ஜ் தீர்ந்து நிற்கும்வரை ஓட்டினார்கள். ஒவ்வொன்றும் எத்தனையாவது மைலில் படுத்தது என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். தூரம் குறைந்தது நிஜம், மீட்டரின் கற்பனை அல்ல என்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பணம் போட்டு வாங்கியவர்களே ஆராய்ச்சியாளர்களாக மாறிய இரவு அது.

அதே மாதம் நீதிமன்றத்தில் வழக்கும் பதிவானது. அந்த டிசம்பரில் நிஸான் இறங்கி வந்தது. 5 வருடம் அல்லது 60,000 மைலுக்குள் கோடுகள் ஒன்பதுக்குக் கீழே போனால், அதாவது கொள்ளளவு சுமார் 70 சதவிகிதத்துக்குக் குறைந்தால், பேட்டரியைச் சரிசெய்து தருவோம் அல்லது மாற்றுவோம். ஏற்கெனவே விற்ற கார்களுக்கும் சேர்த்து! பின்னர், 2015 மாடலில் சூட்டைத் தாங்கும் புதிய பேட்டரியும் வந்தது. அதற்குச் செல்லப்பெயர் 'பல்லி பேட்டரி'. வெயிலுக்கு அஞ்சாததாம்!

கவனியுங்கள். 2010 வாரன்டியில் இல்லாத '70 சதவிகிதம்' என்ற எண் 2012-ல் வந்தது. வானத்திலிருந்து குதிக்கவில்லை. குறிப்பு எடுத்து வைத்த சில பிடிவாதக்காரர்கள் வரவழைத்தது.

அப்படியானால் பிரச்னை தீர்ந்ததா? தேய்மானம் ஒரு ரகம் என்றால், அடுத்து வந்தது தீ!

ஜெனரல் மோட்டார்ஸின் 'ஷெவர்லே போல்ட்'. நிறுத்தி வைத்திருந்த சில கார்கள் தானாகத் தீப்பிடித்தன. 2020 நவம்பரில் உலகெங்கும் 68,000-க்கும் மேற்பட்ட கார்களைக் கம்பெனி திரும்ப அழைத்தது. தற்காலிக வைத்தியம், 90 சதவிகிதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாமல் சாஃப்ட்வேரில் ஒரு பூட்டு. 2021 வசந்தத்தில் 'முழு வைத்தியம்' என்று இன்னொரு சாஃப்ட்வேர். ஜூலை மாதம் வெர்மான்ட் மாநில சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் போல்ட், சார்ஜில் இருந்தபோதே எரிந்தது. அது முழு வைத்தியமும் பார்த்து அனுப்பப்பட்ட கார்!

நோய் சாஃப்ட்வேரில் இல்லை, பேட்டரியின் வயிற்றுக்குள். எல்ஜி தொழிற்சாலையில் செய்த சில செல்களில் இரண்டு குறைகள், ஒன்று கிழிந்த மின்முனைத் தகடு, இன்னொன்று மடிந்துபோன தடுப்புத் தாள். இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்துவிட்டால் நெருப்பு. வீட்டுக்குள் நிறுத்தாதீர்கள், ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், மற்ற கார்களிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்துங்கள் என்று வரிசையாக அறிவுரைகள். காரை வாங்கிவிட்டு வெடிகுண்டுபோலப் பாதுகாக்க வேண்டிய கதி!

2021 ஆகஸ்ட்டில் வேறு வழியில்லாமல் அதுவரை செய்த எல்லா போல்ட் கார்களையும் - சுமார் 1,42,000 - திரும்ப அழைத்தார்கள். புது பேட்டரி, அதற்குப் புதிதாக 8 வருட வாரன்டி. செலவு ஏறக்குறைய 200 கோடி டாலர். அதில் 190 கோடிவரை எல்ஜி ஏற்றுக்கொண்டது. எடிசன் முதலிலேயே தொழிற்சாலையை மூடினார். இவர்கள் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து கடைசியில் அதே இடத்துக்கு வந்தார்கள், நடுவே வாடிக்கையாளர்களின் தூக்கத்தைச் செலவழித்துவிட்டு.

2022-ல் ஐக்கிய நாடுகள் சபையின் வாகன விதிமுறை அமைப்பு, உலக நாடுகள் பின்பற்றுவதற்காக ஓர் அளவுகோலை வகுத்தது. 5 வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டரில் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டரில் 70 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. 'இயல்பான தேய்மானம்' என்ற வழவழா வார்த்தைக்கு முதன்முறையாக ஓர் உலகளாவிய எண் கிடைத்தது.

ஆகவே, எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த வரலாறு சொல்வது ரொம்ப எளிமையானது. 'எட்டு வருட வாரன்டி' என்ற பெரிய எழுத்தோடு திருப்தி அடையாதீர்கள். எத்தனை சதவிகிதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள்? அதை அளப்பது யார், எந்தக் கருவியில்? மாற்றித் தந்த பேட்டரியும் படுத்தால் வாரன்டி புதிதாகத் தொடங்குமா, பழைய கணக்கிலேயே ஓடுமா? இதையெல்லாம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய முதல் மாதத்திலேயே முழு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் போகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பேட்டரி படுத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் சென்டரில் வேலை ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 'ஒண்ணும் இல்லை சார், சரியாயிடுச்சு' என்று வாயால் சொல்வது ரசீது ஆகாது.

ஃபீனிக்ஸ்காரர்கள் ஜெயித்தது கோபத்தால் அல்ல, குறிப்பேட்டால். எடிசன் ஜெயித்ததும் அப்படித்தான். ஒன்பதாயிரம் சோதனைகளையும் அவருடைய ஆட்கள் எழுதி வைத்திருந்தார்கள்!